ஆறு சதவீதம் என்றால், எதில் ஆறு?

தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. ஒருவர், “கல்விக்கு ஜிடிபியில், அதாவது நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியில், ஆறு சதவீதம் என்பது இலக்கு. இந்தியா மூன்று சதவீதம்கூடச் செலவிடுவதில்லை” என்கிறார். எதிரே இருப்பவர், “தவறு, நாலரை சதவீதத்தை எட்டிவிட்டோம்” என்று மறுக்கிறார். இருவர் கையிலும் இருப்பது அரசு அச்சிட்ட ஆவணம்தான். நெறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விடுகிறார். பார்த்துக்கொண்டிருப்பவர் தனக்குப் பிடித்த கட்சிக்காரர் சொன்ன எண்ணை நம்பிக்கொள்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரு சதவீதத்துக்குள் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று தெரியாமல் அதை வாளாகச் சுழற்றுகிறார்கள், அவ்வளவுதான். அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

பெரிய வீடும் பொதுப் பையும்

பத்துப் பேர் சம்பாதிக்கும் ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவரவர் வருமானம் அவரவர் கையில் இருக்கிறது. ஆனால் மாதம் பிறந்ததும் ஆளுக்கொரு பங்கை எடுத்து ஒரு பொதுப் பையில் போடுகிறார்கள். வீட்டைப் பழுது பார்ப்பது, மருத்துவச் செலவு, பழைய கடனுக்கு வட்டி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தப் பையிலிருந்துதான் நடக்கின்றன.

பத்துப் பேரின் வருமானத்தையும் கூட்டினால் நூறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பைக்கு வந்து சேர்வது இருபத்தைந்து பங்கு. அதில் படிப்புக்குப் போவது நான்கு பங்கு. இப்போது, இந்த வீடு படிப்புக்கு எவ்வளவு செலவிடுகிறது?

வீட்டின் மொத்த வருமானத்தோடு ஒப்பிட்டால் நூறில் நான்கு, அதாவது 4 சதவீதம். பொதுப் பையோடு ஒப்பிட்டால் இருபத்தைந்தில் நான்கு, அதாவது 16 சதவீதம். பிள்ளைகளுக்குக் கிடைப்பது இரண்டு கணக்கிலும் அதே நான்கு பங்குதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் மூத்தவர் தன் மகனுக்குத் தனிப்பயிற்சி வைத்துத் தன் சொந்தக் கையிலிருந்து பணம் கொடுக்கிறார். அது பொதுப் பையிலிருந்து போகவில்லை. ஆகவே அந்த நான்கில் அது சேராது. பிள்ளை படிப்பது என்னவோ உண்மை, செலவு ஆவதும் உண்மை. ஆனால் இந்தக் கணக்கு அதைப் பார்ப்பதில்லை.

இனி வீட்டை நாடாக மாற்றிக்கொள்ளுங்கள். பத்துப் பேரின் கூட்டு வருமானத்தின் இடத்தில் வருவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓராண்டில் உருவான பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் இறுதி மதிப்பைக் கூட்டி வரும் தொகை அது. செய்தித்தாள்கள் அதை ஜிடிபி என்று சுருக்கமாக எழுதுகின்றன. நாமும் அப்படியே எழுதுவோம். பொதுப் பையின் இடத்தில் வருவது அரசின் மொத்தச் செலவு. வரியாக வந்ததோடு கடன் வாங்கியதும் அதில் சேரும்.

பெரும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. “ஜிடிபியில் ஆறு சதவீதம் கல்விக்கு” என்று கேட்டதும் பலரும், “நூறு ரூபாயில் ஆறு ரூபாய்தானா? அரசுக்கு இதுகூட முடியாதா?” என்று கொதிக்கிறார்கள். அந்த நூறு ரூபாய் அரசின் கையில் இல்லை. அதில் பெரும்பகுதி மக்களின் கையிலும் நிறுவனங்களின் கையிலும் இருக்கிறது. அரசின் எல்லாச் செலவையும் சேர்த்தே முப்பது ரூபாய்தான் என்றால், ஆறு ரூபாய் என்பது அரசு செலவிடும் ஒவ்வொரு ஐந்து ரூபாயிலும் ஒரு ரூபாய். வட்டி, பாதுகாப்பு, ஓய்வூதியம், மருத்துவமனை, சாலை எல்லாமும் மீதியில் நடக்க வேண்டும். கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம். சிறிய கோரிக்கை அல்ல என்பது மட்டும் தெளிவு.

இதுவரை பார்த்தது: ஜிடிபி என்பது நாடு முழுவதன் ஆண்டு உற்பத்தி, அரசின் பை அதில் ஒரு பகுதி, கல்விச் செலவு அந்தப் பையில் ஒரு பகுதி. எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

மேலே எழுதுவது எது?

பள்ளியில் பின்னக் கணக்கு போட்டபோது கோட்டுக்கு மேலே இருப்பதைத் தொகுதி என்றும், கீழே இருப்பதைப் பகுதி என்றும் படித்திருப்போம். நம் சதவீதத்தில் தொகுதி என்பது அரசின் கல்விச் செலவு. பகுதி என்பது ஜிடிபி. தேர்தல் தொகுதியைப் போலவே, இந்தத் தொகுதியின் எல்லையையும் யார் வரைகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

முதலில், எந்த அரசு? இந்தியா போன்ற கூட்டாட்சி நாட்டில் கல்விச் செலவின் பெரும்பகுதியை மாநில அரசுகள்தான் ஏற்கின்றன. பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அவைதான். ஆனால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் மத்திய பட்ஜெட்டில் உள்ள கல்வி அமைச்சகத்தின் ஒதுக்கீட்டை மட்டும் எடுத்து, நாட்டின் முழு ஜிடிபியால் வகுத்து, “அரை சதவீதம்கூட இல்லை” என்று அதிர்ச்சியடையும் பதிவுகள் சுற்றி வருகின்றன. வகுத்தல் சரிதான். கோட்டுக்கு மேலே ஒரே ஓர் அரசையும், கீழே முழு நாட்டையும் வைத்ததுதான் பிழை. மத்திய அரசும் எல்லா மாநிலங்களும் செலவிடுவதைச் சேர்த்தால்தான் நாட்டின் கணக்கு வரும். சேர்க்கும்போது, மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுத்து மாநிலம் செலவிட்ட பணத்தை இரண்டு முறை எண்ணிவிடாமலும் பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்தத் துறையின் செலவு? விவாதத்தில் மோதிக்கொண்ட இரண்டு எண்களின் மர்மம் இங்கே அவிழ்கிறது. மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொருளாதார ஆய்வறிக்கை பல ஆண்டுகளாகத் தந்துவந்த சுமார் 3 சதவீத எண், ‘கல்வி, விளையாட்டு, கலை, பண்பாடு’ என்ற ஒரே கணக்குத் தலைப்பின் கீழ் வரும் செலவு. கல்வி அமைச்சகம் தனியாக வெளியிடும் பகுப்பாய்வு, கல்வித் துறைகளின் செலவோடு மற்றத் துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அது 4 சதவீதத்தைத் தாண்டி, சில ஆண்டுகளில் நாலரையை ஒட்டி நிற்கிறது. முதல் எண்ணில் விளையாட்டு உள்ளே. மற்றத் துறைகளின் கல்விச் செலவு வெளியே. இரண்டாவதில் மற்றத் துறைகளும் உள்ளே. எல்லை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஓர் ஆண்டுக்கு முதல் எண்ணையும் மறு ஆண்டுக்கு இரண்டாவது எண்ணையும் எடுத்துக்கொண்டு “வளர்ச்சி” காட்டாமல் இருந்தால் சரி.

மூன்றாவது, ‘அரசுக் கல்விச் செலவு’ என்பதை ‘அரசுப் பள்ளிச் செலவு’ என்று எடுத்துக்கொள்வது. பள்ளி யாருக்குச் சொந்தம் என்பதல்ல கேள்வி. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான். தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு தரும் மானியம் இதில் சேரும். மாணவர் உதவித்தொகையும் சேரும். நெதர்லாந்தில் மாணவர்களில் பெரும்பாலோர் தனியார் அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடக்கின்றன. ஆகவே அவை அரசுச் செலவில் முழுமையாக இடம்பெறுகின்றன. மறுபக்கம், பெற்றோர் கட்டும் கட்டணமும் தனிப்பயிற்சிக்குக் கொடுப்பதும் எவ்வளவு பெரிதானாலும் இதில் வராது. தென்கொரியாவில் பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் போகும் தனியார் பயிற்சி நிலையங்கள் ஒரு பெரும் தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. கொரியப் பெற்றோர் படிப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதை அரசுச் செலவின் பங்கைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது.

கடைசியாக, ஒதுக்கீடும் செலவும் ஒன்றல்ல. பட்ஜெட் நாளில் அறிவிக்கப்படுவது மதிப்பீடு, அதாவது செலவிட நினைக்கும் தொகை. ஆண்டின் நடுவில் அதைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது திருத்திய மதிப்பீடு. எல்லாம் முடிந்து உண்மையில் செலவான தொகை இறுதிக் கணக்கில் வரும். அதற்குள் ஓரிரு ஆண்டுகள் ஓடிவிடும். மதிப்பீட்டுக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கிறது. இறுதிக் கணக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

கீழே இருப்பது ஆடும்போது

கோட்டுக்கு மேலே இருப்பதைப் பற்றியாவது சிலர் கேட்கிறார்கள். கீழே இருப்பது பாறை போல நிலையானது என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பாறை அல்ல, அது ஒரு படகு.

2014 ஏப்ரலில் நைஜீரியா தன் ஜிடிபியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை மாற்றியது. பழைய முறை கணக்கில் எடுக்கத் தவறிய தொலைத்தொடர்பு, திரைப்படம் போன்ற தொழில்கள் உள்ளே வந்தன. 2013ஆம் ஆண்டின் ஜிடிபி ஒரே அறிவிப்பில் 89 சதவீதம் உயர்ந்தது. முந்தின நாளும் மறு நாளும் பள்ளிகளுக்குப் போன பணம் ஒன்றுதான். ஆனால் கீழே இருந்த எண் கிட்டத்தட்ட இரு மடங்கானதால், ஜிடிபியில் கல்வியின் பங்கு ஏறத்தாழப் பாதியாகிப்போனது. எந்த ஆசிரியரும் வேலை இழக்கவில்லை. எந்தப் பள்ளியும் மூடப்படவில்லை.

அயர்லாந்தின் கதை வேறு வகை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் கணக்குப் புத்தகத்தில் அங்கே மாற்றிக்கொண்டதால், 2015இல் அந்த நாட்டின் ஜிடிபி சுமார் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு காட்டியது. பொருளியலாளர்களே சிரித்துவிட்டார்கள். பிறகு அந்த நாட்டின் புள்ளியியல் அலுவலகம், இத்தகைய வீக்கத்தைக் கழித்துவிட்டுத் திருத்தப்பட்ட மொத்த தேசிய வருமானம் என்ற தனி அளவையே உருவாக்கிக்கொண்டது. ஜிடிபியால் வகுத்தால், அயர்லாந்து கல்வியில் கஞ்சத்தனமான நாடாகத் தெரியும். திருத்திய அளவால் வகுத்தால் அந்தத் தோற்றம் வெகுவாக மாறிவிடும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2020இல் கொள்ளைநோயால் பல நாடுகளின் ஜிடிபி சரிந்தது. ஆசிரியர் சம்பளம் அவ்வளவு வேகமாகச் சரியவில்லை. விளைவாக, பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்திலேயே சில நாடுகளில் கல்வியின் பங்கு ‘உயர்ந்தது’. இப்படி உயர்ந்ததைச் சாதனை என்று கொண்டாடுவது, எடை பார்க்கும் கருவி பழுதானதால் இளைத்துவிட்டதாக மகிழ்வது போல.

தேசிய வருமானம் என்றொரு சொல்லும் இந்த விவாதத்தில் தாராளமாகப் புழங்குகிறது. ஜிடிபி என்பது நாட்டின் எல்லைக்குள் உருவானது. யார் சொந்தக்காரர் என்று பார்க்காது. மொத்த தேசிய வருமானம் என்பது நாட்டைச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வருமானம் கூடும், வெளிநாட்டாருக்குப் போனது கழியும். பல நாடுகளில் இரண்டும் அருகருகே இருப்பதால் பெரிய தீங்கு இல்லை. அயர்லாந்து போன்ற இடங்களில் இடைவெளி ஒரு பள்ளத்தாக்கு.

சுருங்கச் சொன்னால், சதவீதம் மாறியது என்று யாராவது சொன்னால், மேலே இருப்பது மாறியதா, கீழே இருப்பது மாறியதா என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டு பெருக்கல்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிபியில் கல்வியின் பங்கு என்ற எண்ணை இரண்டு விதமாக உடைக்கலாம். ஒவ்வொரு உடைப்பும் ஒரு தனி உண்மையைச் சொல்லும்.

முதல் உடைப்பு, நம் பெரிய வீட்டில் ஏற்கெனவே பார்த்ததுதான். பொதுப் பை மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு, அந்தப் பையில் படிப்புக்கு எத்தனை பங்கு. இரண்டையும் பெருக்கினால் விடை. இருபத்தைந்து சதவீதத்தில் பதினாறு சதவீதம், நான்கு சதவீதம். ஆகவே ஒரு நாட்டின் எண் குறைவாக இருப்பதற்கு இரண்டு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். அரசுக்குக் கல்வி மேல் அக்கறை இல்லாதிருக்கலாம். அல்லது அரசின் பையே சிறியதாக இருக்கலாம்.

இந்தோனேசியா இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. 2002இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தத்தின்படி, அங்கே பட்ஜெட்டில் குறைந்தது 20 சதவீதம் கல்விக்குப் போக வேண்டும். உலகில் மிகச் சில நாடுகளே இப்படித் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் ஜிடிபியில் பார்த்தால் அந்நாட்டின் கல்விச் செலவு 3 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. காரணம், அரசின் பை பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆறில் ஒரு பங்கின் ஐந்தில் ஒரு பங்கு என்றால் முப்பதில் ஒரு பங்கு. அக்கறையை எவ்வளவு கூட்டினாலும் பை சிறியது.

இலங்கையில் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் தொடங்கி, 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருக்கிறது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் ஜிடிபியில் அந்நாட்டு அரசின் கல்விச் செலவு சுமார் 2 சதவீதம், உலகிலேயே குறைந்த எண்களில் ஒன்று. நெருக்கடி ஆண்டான 2022இல் அரசின் வருவாயே ஜிடிபியில் 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. அப்படிப்பட்ட அரசிடம் “ஜிடிபியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்குக் கொடு” என்றால், வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடு என்று பொருள். அங்கே கல்வி விவாதம் என்ற பெயரில் நடக்க வேண்டியது உண்மையில் வரி விவாதம்.

இரண்டாவது உடைப்பு பிள்ளைகளைப் பற்றியது. மக்கள்தொகையில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பங்கு என்பது ஓர் எண். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, அந்த நாட்டின் தலா வருமானத்தில் எத்தனை பங்கு என்பது மற்றோர் எண். தலா வருமானம் என்பது ஜிடிபியை மக்கள்தொகையால் வகுத்தால் வருவது. இந்த இரண்டையும் பெருக்கினாலும் அதே சதவீதம்தான் வரும்.

இரண்டு கற்பனை நாடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் நாட்டில் எட்டுப் பேரில் ஒருவர் மாணவர். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு தலா வருமானத்தில் 28 சதவீதம். பெருக்கினால் 3.5 சதவீதம். இரண்டாவது நாட்டில் பத்துப் பேரில் மூன்று பேர் மாணவர்கள். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு தலா வருமானத்தில் 14 சதவீதம். பெருக்கினால் 4.2 சதவீதம். தரவரிசைப் பட்டியலில் இரண்டாவது நாடு மேலே வரும். ஆனால் அங்கே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது, அந்நாட்டு வருமானத்தை வைத்துப் பார்த்தாலே பாதிதான். அந்த நாட்டின் தலா வருமானம் முதல் நாட்டினுடையதில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், பணமாகக் கிடைப்பது இருபதில் ஒரு பங்கு.

இது வெறும் கற்பனை விளையாட்டு அல்ல. ஜப்பானில் மக்களில் சரிபாதிப் பேர் 48 வயதைத் தாண்டியவர்கள். ஆப்பிரிக்க நாடான நைஜரில் (நைஜீரியா அல்ல) சரிபாதிப் பேர் 15 வயதை ஒட்டியோ அதற்கும் கீழோ இருப்பவர்கள். இருவரையும் ஒரே பட்டியலில் சதவீதத்தால் வரிசைப்படுத்துவது, முதியோர் மட்டும் இருக்கும் வீட்டையும் ஆறு பிள்ளைகள் இருக்கும் வீட்டையும் பள்ளிச் செலவால் ஒப்பிடுவது போன்றது. ஜப்பானின் அரசுக் கல்விச் செலவு ஜிடிபியில் மூன்று, மூன்றரை சதவீத அளவில், பணக்கார நாடுகளிலேயே அடிமட்டத்தில் இருப்பதற்குப் பிள்ளைகள் குறைந்துபோனதும் ஒரு காரணம். உயர்கல்விச் செலவில் பெரும்பகுதியைக் குடும்பங்களே சுமப்பது இன்னொரு காரணம். மறு கோடியில், கிரிபாஸ் போன்ற பசிபிக் தீவு நாடுகள் பத்து சதவீதத்தையும் தாண்டுகின்றன. சிதறிக் கிடக்கும் தீவுகளில் தீவுக்கொரு பள்ளி வேண்டும். ஜிடிபியோ மிகச் சிறியது. வெளிநாட்டு உதவியும் செலவில் சேர்ந்துவிடுகிறது.

இரண்டு உடைப்புகளையும் சேர்த்துச் சொன்னால்: முதலாவது, அரசின் பை எவ்வளவு பெரியது, அதில் கல்விக்கு எந்த இடம் என்று காட்டும். இரண்டாவது, எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று காட்டும். தனியாக நிற்கும் சதவீதம் நான்கையும் மறைக்கும்.

அந்த ஆறு எங்கிருந்து வந்தது?

தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1964 முதல் 1966 வரை பணியாற்றியது. ஆறு சதவீதம் என்ற இலக்கு இந்தியாவில் நிலைபெற்றது அதன் அறிக்கையால்தான். 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளின் தேசியக் கல்விக் கொள்கைகள் மூன்றும் அதைத் திரும்பச் சொல்லின. எல்லோரும் இலக்கைச் சொன்னார்கள். அது எப்படிப் பிறந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

1965-66இல் கல்விச் செலவு தேசிய வருமானத்தில் சுமார் 2.9 சதவீதம். குழு இருபது ஆண்டுகளுக்கு ஒரு கணக்குப் போட்டது. பொருளாதாரம் ஆண்டுக்கு 6 சதவீதம் வளரும், கல்விச் செலவை ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்க்கலாம் என்று வைத்துக்கொண்டது. இரண்டு ஓட்டக்காரர்களில் ஒருவர் சற்று வேகமாக ஓடினால் இருபது ஆண்டுகளில் இடைவெளி எவ்வளவு ஆகும் என்று பார்த்தால், 1985-86இல் பங்கு 6 சதவீதமாகிறது. நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம், சரியாக வரும்.

ஆனால் பொருளாதாரம் அந்த வேகத்தில் வளரவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் வளர்ச்சி ஏறத்தாழ 4 சதவீத அளவிலேயே இருந்தது. குழு கேட்ட அதே பணத்தை அரசு ஒரு காசு குறைக்காமல் செலவிட்டிருந்தால், 1985-86இல் பங்கு 6 அல்ல, 9 சதவீதத்தை நெருங்கியிருக்கும். ஆறு என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் தேவை, அந்தக் காலத்து வளர்ச்சிக் கனவு, இரண்டையும் வகுத்துக் கிடைத்த விடை. கல்வெட்டு போல அதைச் சுமந்துகொண்டு வந்தது பின்னால் வந்தவர்கள். இதிலும் ஒரு சிறு நழுவல் உண்டு: 1968, 1986 கொள்கைகள் ‘தேசிய வருமானத்தில்’ என்றன, 2020 கொள்கை ‘ஜிடிபியில்’ என்கிறது. அவை சற்றே வேறு வேறு அளவுகள். இலக்கின் எண் நகரவில்லை. அளக்கும் கோல் மாறிவிட்டது.

இலக்கு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அரசியலில் ஓர் எளிய எண்ணுக்கு வலிமை உண்டு. உலக அளவில் 2015இல் தென்கொரியாவின் இன்சியான் நகரில் கூடிய கல்வி மாநாட்டை ஒட்டி எழுந்த செயல்திட்டம் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. ஜிடிபியில் 4 முதல் 6 சதவீதம், அல்லது அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 சதவீதம் என்று இரண்டு அளவுகளைச் சொன்னது. நம் முதல் பெருக்கல் அதற்குள் இருப்பதைக் கவனியுங்கள்.

பணம் கூடினால் படிப்பு கூடுமா?

இந்தக் கேள்வியை நெடுநாள் ஆம், இல்லை என்று இரண்டு முகாம்களாகப் பிரிந்து விவாதித்தார்கள். இப்போது கிடைத்திருக்கும் சான்றுகள், “எதற்குப் போகிறது என்பதைப் பொறுத்து” என்ற பக்கம் சாய்கின்றன.

இந்தோனேசியா மறுபடியும் வருகிறது. அங்கே ஒரு சான்றிதழ் திட்டத்தின் மூலம் ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். அதை முறையான சோதனையாக வைத்து ஆராய்ந்தவர்கள் 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியிருந்தது. பணக் கவலை குறைந்திருந்தது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் எதுவும் இல்லை. இதே பணம் ஜிடிபியில் கல்வியின் பங்கைக் கட்டாயம் உயர்த்தியிருக்கும்.

அமெரிக்காவில் நீதிமன்ற உத்தரவுகளால் சில பகுதிகளின் பள்ளிகளுக்குத் திடீரென்று கூடுதல் பணம் கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுவதும் ஒரு மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், பிற்காலச் சம்பளம் சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். அங்கே கூடுதல் பணம் போனது சிறிய வகுப்புகளுக்கும், கூடுதல் பாட நாள்களுக்கும், ஆசிரியர் சம்பளத்துக்கும்.

மூன்று தலைப்புச் செய்திகள்

படித்ததை ஒரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டில் கல்விச் செலவு ஜிடிபியில் 4 சதவீதம். அடுத்த ஆண்டு கல்விச் செலவு 6 சதவீதம் கூடுகிறது. விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது. விலையேற்றத்தையும் சேர்த்த ஜிடிபி 10 சதவீதம் வளர்கிறது. பிறப்பு விகிதம் குறைந்ததால் மாணவர் எண்ணிக்கை 2 சதவீதம் குறைகிறது.

ஆளுங்கட்சி நாளிதழ் எழுதும்: “கல்விக்கு வரலாறு காணாத தொகை.” உண்மைதான், பணமாகப் பார்த்தால் இதற்கு முன் இவ்வளவு செலவிட்டதில்லை. விலை ஏறும் நாட்டில் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் இருக்கும்.

எதிர்க்கட்சி நாளிதழ் எழுதும்: “கல்வியின் பங்கு சரிந்தது.” அதுவும் உண்மை, 106ஐ 110ஆல் வகுத்து நான்கால் பெருக்கினால் 3.85 சதவீதம்.

மூன்றாவது நாளிதழ் ஒன்று இருந்தால் எழுதும்: “ஒரு மாணவருக்கான செலவு, விலையேற்றம் போக, 3 சதவீதம் உயர்வு.” 106ஐ 98ஆல் வகுத்து, மீண்டும் 1.05ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று செய்திகளும் ஒரே பட்ஜெட்டிலிருந்து வந்தவை. மூன்றாவதை எழுத மாணவர் எண்ணிக்கையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது பட்ஜெட் உரையில் இருக்காது, பள்ளிக் கணக்கெடுப்பில் இருக்கும்.